மூட்டைப்பூச்சிதானா, வேறு ஏதாவதா? எப்படி உறுதி செய்வது?

மூன்றாம்மாடி | 12 ஜூன், இரவு 1:25

தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வேளச்சேரியில் வாடகை வீடு, மூன்றாவது மாடி. மூன்று வாரமாக என் மகள் (9 வயது) காலையில் எழுந்தால் கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்போடு எழுகிறாள். சில நாள் மூன்று தடிப்பு ஒரே கோட்டில், பொட்டு வைத்த மாதிரி. எனக்கும் முழங்கையில் வருகிறது. வீட்டுக்காரருக்கு ஒன்றுமே இல்லை. மூன்று பேரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். அதனால் அவர் கொசு என்கிறார். மாமியார் உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறார்.

கொசுவர்த்தி, திரவ மெஷின், கொசுவலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. தெருமுனை டாக்டர் அலர்ஜி மாத்திரை கொடுத்தார், அரிப்பு குறைந்தது, தடிப்பு நிற்கவில்லை. மே மாத நடுவில் பெரியவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு மெத்தை, டிரங்குப் பெட்டியோடு வந்தான். மெத்தை எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. நேற்று விரிப்பில் பழுப்பாக ஒரு கறை பார்த்தேன். அதிலிருந்து மனது சரியில்லை.

இது மூட்டைப்பூச்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்து வீட்டில் கேட்க வெட்கமாக இருக்கிறது. தினமும் பெருக்கித் துடைக்கிற வீடு இது.

வேப்பங்காற்று | 12 ஜூன், காலை 6:50

கொசுவேதான் சகோதரி. வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தடவுங்கள்.

மருந்தடிக்கிறவன் | 12 ஜூன், காலை 8:10

அக்கா, 14 வருஷமா சென்னையில பூச்சி மருந்து அடிக்கிற வேலை பாக்கறேன். கடியை மட்டும் பாத்து இன்ன பூச்சின்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரே வரிசையில மூணு தடிப்பு இருந்தா மூட்டைப்பூச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. அது சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். நீங்க குழந்தை உடம்பை விட்டுட்டுக் கட்டிலைப் பாருங்க. பூச்சி கண்ணுல படலைன்னாலும் அது போட்டுட்டுப் போனது படும்.

முதல்ல கருப்புப் புள்ளி. பேனா முனையால தொட்டு வெச்ச மாதிரி, மெத்தைத் தையல் ஓரமா, கட்டில் சட்டம் சேர்ற இடத்துல கும்பல் கும்பலா இருக்கும். அது ஜீரணமான ரத்தம். ஈரப் பஞ்சை வெச்சுத் தேய்ங்க. பழுப்புச் சிவப்பா இழுத்துக்கிட்டு வந்தா பெரும்பாலும் அதுதான். கரப்பான் கழிவு காப்பித்தூள் மாதிரி உதிரும், இது துணியில ஊறிப் போயிருக்கும்.

அப்புறம் உரிச்ச சட்டை. குஞ்சு பெரிசாகறதுக்குள்ள அஞ்சு தடவை தோல் உரிக்கும். வெங்காயச் சருகு நிறத்துல, உள்ள ஒண்ணுமில்லாம, பூச்சி வடிவத்துலயே கிடக்கும். முட்டை ஒரு மில்லிமீட்டர், வெள்ளை, கசகசா மாதிரி. ஊதினா பறக்காது, ஒட்டி வெச்சிருக்கும்.

பூச்சியே கெடைச்சா சந்தேகமே வேணாம். பெரிசு தட்டையா, பழுப்பா, துவரம்பருப்பு அளவு இருக்கும். ஆறு கால். ரெக்கை கெடையாது, தாவாது, நடக்க மட்டும் செய்யும். ரத்தம் குடிச்சிருந்தா நீளமா உப்பி அடர் சிவப்பாயிடும். இப்பத்தான் பொரிஞ்ச குஞ்சு எள்ளைவிடச் சின்னது, கண்ணாடி மாதிரி இருக்கும், வெள்ளை விரிப்புல கண்ணுக்கே தெரியாது. வயித்துல ரத்தம் போனா ஒரு சிவப்புப் புள்ளி நடந்து போற மாதிரி இருக்கும்.

பழைய ஏடிஎம் கார்டு ஒண்ணு, டார்ச் ஒண்ணு எடுங்க. மெத்தையை நிமித்தி நாலு ஓரத் தையலையும் விரலால பிரிச்சுப் பாருங்க. கட்டில் பலகையைத் தூக்குங்க. திருகு ஓட்டை, தலைமாட்டுப் பலகை முதுகு, கால் மூட்டு, எல்லாத்துலயும் கார்டை விட்டு இழுங்க. அடியில வெள்ளைத் துணி விரிச்சுக்கோங்க. வாய்ப்பிருந்தா ராத்திரி 2 மணிக்கு மேல ஒருதடவை டார்ச் அடிச்சுப் பாருங்க.

கண்டுபிடிக்கிற வரைக்கும் கடையில விக்கிற கரப்பான் ஸ்ப்ரேயை அடிக்காதீங்க. ஒரு கட்டில்ல இருக்கறது நாலு ரூமுக்கும் ஓடிடும். கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

தோல்மருத்துவம் | 12 ஜூன், மதியம் 2:35

தோல் நோய் சிகிச்சை செய்பவள் நான். மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கணவருக்குத் தடிப்பு இல்லை என்பதால் அவரைக் கடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. தடிப்பு என்பது பூச்சியின் எச்சிலுக்கு நம் உடம்பு காட்டும் எதிர்ப்பு. சிலருக்கு எத்தனை கடித்தாலும் ஒன்றும் தெரியாது. முதன்முறை கடிபட்டவருக்குத் தடிப்பு வர சில நாளாகலாம், இரண்டு வாரம்கூட ஆகலாம். திரும்பத் திரும்பக் கடிபடும்போது அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால்தான் எந்த இரவில், எந்த வீட்டில் கடித்தது என்று தடிப்பை வைத்துக் கணக்குப் போட முடிவதில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை சில. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு என்று மடிப்புகளில் பொடிப்பொடியாக, இரவில் தாங்க முடியாத அரிப்போடு, வீட்டில் ஒவ்வொருவராக வந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்குக் காரணமான மிகச் சிறிய செள்ளு தோலுக்குள் வளை தோண்டி வாழ்வது. கட்டிலுக்கு மருந்தடித்துப் பயனில்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். நாய், பூனை இருக்கும் வீட்டில் கணுக்காலைச் சுற்றி மட்டும் கடி இருந்தால் தெள்ளுப்பூச்சியை நினைக்க வேண்டும். மூட்டைப்பூச்சி பெரும்பாலும் தூங்கும்போது போர்வைக்கு வெளியே இருக்கும் முகம், கழுத்து, கை, தோளில் கடிக்கும்.

ஒரு ஆறுதல்: நோய் பரப்பும் பூச்சி என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சொறிந்து புண்ணாகிச் சீழ் வைப்பது உண்டு. மிகக் கடுமையாகப் பெருகிய வீடுகளில் ரத்தசோகை வந்ததும் பதிவாகியிருக்கிறது. தூக்கமின்மையையும் மன உளைச்சலையும் நான் நோயாகவே கருதுகிறேன். 2018-இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தப் பூச்சியின் கழிவிலிருந்து ஹிஸ்டமைன் வீட்டுத் தூசியில் சேர்வதையும், பூச்சியை ஒழித்து மூன்று மாதமான பிறகும் அது குறையாமல் இருந்ததையும் கண்டார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் அது. ஒழித்த பிறகும் தூசியைச் சுத்தமாக எடுப்பது முக்கியம்.

குழந்தைக்குக் குளிர்ந்த நீர் ஒத்தடம், காலமைன் லோஷன் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாம்மாடி | 13 ஜூன், காலை 7:15

நேற்று இரவு டார்ச்சோடு தேடினேன். மெத்தையில் கருப்புப் புள்ளி இல்லை. சுவரோரம் ஒரு பூச்சி ஓடியது, பிடித்து டப்பாவில் வைத்திருக்கிறேன், படம் சேர்த்திருக்கிறேன். பழுப்பு நிறம், தட்டை, ரெக்கை இல்லை. இதுதானே? கை நடுங்குகிறது.

மருந்தடிக்கிறவன் | 13 ஜூன், காலை 7:40

இல்லக்கா. படத்துல இருக்கறது கரப்பான் குஞ்சு. மீசையைப் பாருங்க, உடம்பு நீளத்துக்கு இருக்கு. மூட்டைப்பூச்சி மீசை குட்டையா, நாலு கணுவா இருக்கும். கரப்பான் குஞ்சு விருட்டுனு ஓடும். மூட்டை ஒரு நிமிஷத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் நடக்கும், அவ்வளவுதான்.

ஆனா தேடறதை நிறுத்தாதீங்க. மெத்தையில இல்லைன்னா கட்டில்ல இருக்கும். பலகையைக் கழட்டினீங்களா? பையனோட மெத்தையைப் பிரிச்சுப் பாத்தீங்களா?

புறாக்கூடு | 13 ஜூன், மாலை 5:05

அம்பத்தூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இதே கதை, ஆனால் கட்டிலை முழுக்கக் கழற்றியும் ஒரு புள்ளிகூட இல்லை. கடி பகலில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது. ஜன்னல் கட்டையில் தூள் மாதிரி ஏதோ நகர்கிறது, விரலால் தொட்டால் சிவப்பாக நசுங்குகிறது. இது மூட்டைக்குஞ்சா?

மருந்தடிக்கிறவன் | 13 ஜூன், மாலை 6:20

ஜன்னலுக்கு வெளிய புறாக்கூடு இருக்கா? ஏசி அவுட்டோர் மேல, ஷேடு மேல?

புறாக்கூடு | 13 ஜூன், மாலை 6:45

ஆமாம் சார். ஏசிக்குப் பின்னால் இருந்தது. போன வாரம்தான் குஞ்சு பறந்து போனது. என் பெயரைப் பார்த்தே கேட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், புறாத் தொல்லை பற்றிக் கேட்கத்தான் இங்கே சேர்ந்தேன்.

மருந்தடிக்கிறவன் | 13 ஜூன், இரவு 7:30

அப்ப அது பறவைச் செள்ளு. ஊர்ல கோழிச் செள்ளுன்னு சொல்வாங்களே அந்த ஜாதி. ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. முழுசா வளந்ததுக்கு எட்டுக் கால். குஞ்சு கூட்டைவிட்டுப் போனதும் ரத்தத்துக்கு வழியில்லாம ஜன்னல் சந்து வழியா உள்ள வருது. நம்ம ரத்தத்தை நம்பி அது ரொம்ப நாள் வீட்டுக்குள்ள தங்காது. கூட்டை மாஸ்க், கையுறை போட்டுக் கவர்ல கட்டி எடுத்துடுங்க, அந்த இடத்தை சோப்புத் தண்ணியால கழுவுங்க, மறுபடி கூடு கட்டாம வலை அடிங்க. கட்டிலுக்கு மருந்து வேண்டாம். போன வருஷம் இதே மாதிரி ஒரு வீட்டுல எனக்கு முன்னாடி வந்தவங்க மூணு தடவை மூட்டைக்கு மருந்தடிச்சுட்டுப் போயிருந்தாங்க. புறாக்கூடு அப்படியே இருந்துச்சு.

திருவல்லிக்கேணி78 | 14 ஜூன், காலை 10:00

அம்மா, வெட்கம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1978-இல் வேலை கிடைத்துத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் சேர்ந்தேன். அறைக்கு மூன்று பேர், மூன்று மரக்கட்டில். சுண்ணாம்புச் சுவரில் கட்டில் உயரத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறக் கோடுகள், தீக்குச்சி நீளத்தில், நூற்றுக்கணக்கில். யாரோ கிறுக்கியது என்று நினைத்தேன். முதல் இரவே தெரிந்தது, எனக்கு முன்னால் அங்கே படுத்தவர்கள் விரலால் நசுக்கி இழுத்த கோடுகள் அவை. விளக்கை அணைத்துப் பத்து நிமிடத்தில் கழுத்தில் ஊரும். விளக்கைப் போட்டால் தலையணை மடிப்புக்குள் போய் மறையும். நசுக்கினால் பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கிய மாதிரி ஒரு வாடை. இன்றும் சில நாள் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளும்போது எனக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குக் கட்டிலைத் தூக்கிப்போய் நாலு முனையையும் தரையில் ஓங்கித் தட்டுவோம். கொத்தாக உதிரும். கொதிக்கிற தண்ணீரை மூட்டு மூட்டாக ஊற்றுவோம். என் பாட்டி அதை மூட்டுப்பூச்சி என்றுதான் சொல்வாள். கட்டில் மூட்டில் குடியிருப்பதால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அந்த மாடியில்தான் புரிந்தது. கொதிநீர் ஊற்றிய கட்டிலில் பத்து நாள் நிம்மதி இருக்கும். பிறகு பக்கத்து அறையிலிருந்து வந்துவிடும்.

டி.டி.டி. அடித்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, ஹவாயில் பேர்ல் துறைமுகத்தில் 1947-இலேயே அந்த மருந்துக்கு அடங்காத மூட்டைப்பூச்சிகளைக் கண்டிருக்கிறார்கள். நாங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு தூவியது அதற்கு முப்பது வருடம் கழித்து.

அந்த மூன்று பேரில் ஒருவர் தினமும் காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டி, பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்குப் போகிறவர். அவரையும் கடித்தது. அந்தப் பூச்சிக்கு வேண்டியது மனித ரத்தம், மனிதச் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு. அழுக்கு அதற்குத் தேவையே இல்லை. பெருக்கித் துடைக்கிற வீட்டிலும் வரும். பொருள் நிறைந்து கிடக்கும் வீட்டில் ஒளிய இடம் அதிகம், தேடுவது கடினம், அவ்வளவே வித்தியாசம். எகிப்தில் அமர்னாவில் தோண்டியபோது மூவாயிரத்து முந்நூறு வருடத்துக்கும் முந்தைய மூட்டைப்பூச்சியின் எச்சம் கிடைத்திருக்கிறது. நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை அம்மா. பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாம்மாடி | 15 ஜூன், காலை 11:30

கண்டுபிடித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் கட்டில் பலகையைக் கழற்றினார். தலைமாட்டுப் பலகை சட்டத்தோடு சேரும் இடத்தில், திருகு ஓட்டையைச் சுற்றி, கருப்பு மை கொட்டின மாதிரி. ஈரப் பஞ்சால் தேய்த்தேன், பழுப்பாக இழுத்தது. சருகு மாதிரி சட்டைகள் நாலைந்து. கார்டை விட்டு இழுத்ததும் இரண்டு பூச்சி வெள்ளைத் துணியில் விழுந்து மெதுவாக நடந்தன. பையனின் ஹாஸ்டல் மெத்தையைப் பிரித்தால் ஓரத் தையல் முழுக்க. அவன் அங்கே ஆறு மாதமாகக் கடிபட்டிருக்கிறான், எல்லோருக்கும்தானே கடிக்கிறது என்று எங்களிடம் சொல்லவே இல்லையாம். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

மெத்தையை இப்போதே கீழே தெருவில் போட்டுவிடலாமா? வன்பொருள் கடையில் ஒருவர், அறையில் நாலு மாத்திரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நாள் வெளியே இருங்கள், எல்லாம் செத்துவிடும் என்கிறார். 200 ரூபாய்தானாம். அதைச் செய்யலாமா?

சார்ஜா_கேம்ப் | 15 ஜூன், மதியம் 12:05

அக்கா அந்த மாத்திரையைத் தொடாதீங்க!! வாங்கியிருந்தா வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க!!

சார்ஜாவில் 9 வருடமாக இருக்கிறேன். கேம்பில் ஒரு அறைக்கு 8 பேர், இரும்பு இரட்டையடுக்குக் கட்டில். குழாய்க் கட்டிலின் முனை மூடியைக் கழற்றினால் உள்ளே கூட்டமாக இருக்கும். தூக்கம் கெட்டு அடுத்த நாள் வெயிலில் சாரத்தில் ஏறி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்குத்தான் தெரியும். அதனால் யாராவது இந்த மாத்திரையை எங்கிருந்தாவது வாங்கி வந்துவிடுவார்கள். அது தானியக் கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். கதவைச் சாத்தினாலும் சுவர் விரிசல், ஏசி துவாரம், குழாய் வழி என்று பக்கத்து வீட்டுக்குப் போகும். வைத்தவர் வெளியே பத்திரமாக இருப்பார், பக்கத்து அறையில் தூங்குகிறவர்தான் வாந்தி, மூச்சுத்திணறலோடு விழுவார். முறிவு மருந்து கிடையாது. இங்கே மூட்டைப்பூச்சிக்காக வைத்த மாத்திரையால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இறந்த செய்தி ஒன்றல்ல, பலமுறை வந்திருக்கிறது. எங்கள் மாடியிலேயே ஒருவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

நம் ஊரிலும் 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தார்களே, மறந்துவிட முடியுமா? உங்கள் வீட்டில் 9 வயதுப் பெண் இருக்கிறாள்.

தோல்மருத்துவம் | 15 ஜூன், மதியம் 12:40

மேலே சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பயிற்சியும் உரிமமும் இல்லாதவர் கையாளக்கூடாத பொருள் அது. குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

மருந்தடிக்கிறவன் | 15 ஜூன், மதியம் 1:15

அக்கா, அண்ணன் சொன்னதைக் கேளுங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாயிடும்.

மெத்தையைத் தெருவுல போடாதீங்க. யாராவது தூக்கிட்டுப் போய்ப் படுப்பாங்க. மாடிப்படி முழுக்க உதிர்ந்துக்கிட்டே வேற போகும். ரூம்லயே பெரிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு டேப் ஒட்டி மூடுங்க. தூக்கிப் போடறதா இருந்தா கிழிச்சு, யாரும் எடுக்காத மாதிரி பண்ணிட்டுப் போடுங்க.

கட்டிலுக்குச் சூடுதான் முதல் மருந்து. 50 டிகிரிக்கு மேல அது தாங்காது. முட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூட வேணும். மூட்டு, திருகு ஓட்டை எல்லாத்துலயும் கொதி தண்ணி, இல்லைன்னா ஸ்டீமர். திருவல்லிக்கேணி ஐயா பண்ணினது சரியான வேலைதான். பக்கத்து ரூமையும் சேத்துப் பண்ணாததுதான் குறை. விரிப்பு, தலையணை உறை, மெத்தை மேல கிடந்த துணி எல்லாம் கவர்ல கட்டி அப்படியே மெஷினுக்கு, 60 டிகிரி சூட்டுல. மெஷின் இல்லைன்னா அண்டாவுல கொதிக்க வெச்சுடுங்க.

மெத்தையை வெயில்ல போட்டா போதும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. கயித்துக் கட்டிலுக்கு மே மாச வெயில் ஓரளவு வேலை செய்யும். தடிச்ச பஞ்சு மெத்தையில மேல்பக்கம் மட்டும்தான் சுடும். பூச்சி நிழல் பக்கமா எறங்கிக்கும், வெயில் போனதும் திரும்பி வந்துடும்.

மருந்து அடிக்க ஆள் கூப்பிடறீங்கன்னா ஒரு கேள்வி கேளுங்க: ரெண்டாவது தடவை எப்ப வருவீங்க? வரமாட்டேன்னு சொன்னா வேணாம். முட்டை பொரிய 6 லேர்ந்து 10 நாள் ஆகும், பெரும்பாலான மருந்து முட்டையைக் கொல்லாது. பொரிஞ்ச குஞ்சு பெரிசாகி முட்டை போட அஞ்சாறு வாரம். அதுக்குள்ள ரெண்டாம் தடவை பாத்தாகணும், 14 நாள்ல பாத்தா நல்லது. ஒரு பொட்டைப்பூச்சி வாழ்நாள்ல இருநூறு முட்டைக்கு மேல போடும், ஒண்ணு தப்பிச்சாலும் மறுபடி மொதல்லேர்ந்துதான்.

டொரொண்டோ_பனி | 15 ஜூன், இரவு 9:50

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோவில 22ஆம் மாடியில இருக்கிறன். இஞ்ச அடுக்குமாடிகளில இது பெரிய பிரச்சினை. எங்கட வீட்டுக்கு வந்தது பக்கத்து வீட்டில இருந்து, சுவருக்குள்ளால ஓடுற குழாய் வழியா. நாங்கள் மூண்டுதரம் மருந்தடிச்சும் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மேல, கீழ, ரெண்டு பக்கமும் எண்டு அஞ்சு வீட்டையும் ஒண்டாப் பார்த்தாப் பிறகுதான் நிண்டது. அந்த அஞ்சு வீட்டில மூண்டு வீட்டுக்காரர் தங்களுக்கும் கடிக்குது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அக்கா, கட்டாயம் கீழ்வீட்டோட கதையுங்கோ.

கழுவ ஏலாத சாமானை, பிள்ளையின்ர பொம்மை, புத்தகம் எல்லாத்தையும் பையில கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில, மைனஸ் 18 பாகையில நாலு நாள் வையுங்கோ. சாதாரண குளிர்சாதனப் பெட்டியின்ர கீழ்த்தட்டில வைச்சுப் பிரயோசனமில்லை. வெளியில பனிதானே எண்டு மெத்தையைப் பல்கனியில போட்டுப் பார்த்தம், சரிவரேல்ல. குளிர் நடுவுக்குப் போய் நிண்டு பிடிக்க வேணும்.

வீட்டைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போனால் பட்டினியில செத்திடும் எண்டும் நினைக்காதேங்கோ. வெக்கையான இடத்திலயே மாதக்கணக்கில இருக்கும், குளிரில இன்னும் கூட. நாங்கள் கோடை விடுமுறைக்கு ஆறு கிழமை போயிட்டு வந்த முதல் இரவே கடிச்சது.

மூன்றாம்மாடி | 16 ஜூன், மாலை 6:30

நேற்று கீழ்வீட்டு மணியை அழுத்த பத்து நிமிடம் படியில் நின்றேன். கதவைத் திறந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேரனுக்கும் பத்து நாளாகத் தடிப்பு. அம்மையாக இருக்குமோ என்று வேப்பிலை போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிலையும் சேர்ந்து கழற்றினோம். அங்கேயும் புள்ளி இருக்கிறது, கொஞ்சமாக. என் பையன் மெத்தையைத் தூக்கி வந்த அன்று அவர்கள் வாசலில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்திருந்தான். எங்களால்தான் போயிற்று என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

வீட்டு உரிமையாளரிடமும் சொல்லிவிட்டோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் ஆள் வருகிறார்கள், 14 நாளில் மறுபடி வர ஒத்துக்கொண்டவர்கள். ஒரு கேள்வி. கட்டில் காலுக்கு அடியில் கிண்ணம் வைத்தால் ஏறாது, விழுந்ததை எண்ணியும் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?

மருந்தடிக்கிறவன் | 16 ஜூன், இரவு 8:00

உண்மை. ஆனா நம்ம ஊருக்கு ஒரு விஷயம் சேத்துக்கணும். மூட்டைப்பூச்சியில மனுஷனைக் கடிக்கறது முக்கியமா ரெண்டு இனம். குளிர் நாடுகள்ல இருக்கறது ஒண்ணு, நம்ம மாதிரி வெப்ப நாடுகள்ல அதிகமா இருக்கறது இன்னொண்ணு. கண்ணால பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான், கழுத்துப் பட்டை அகலத்துல சின்ன வித்தியாசம். ஆனா நம்ம ஊர் இனத்துக்குக் கால்ல பிடிமான ரோமம் அதிகம். அது வழவழப்பான சுவத்துலயும் ஏறிடும்னு 2017-ல மலேசியாவுல ஆராய்ச்சி பண்ணின ஆளுங்க எழுதியிருக்காங்க. ஒரு பயிற்சி வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க. வெளிநாட்டுக் கிண்ணத்தை அப்படியே நம்பினா ஏமாந்துடுவோம்.

அதனால வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் எடுத்து உள்சுவத்துல முகப்பவுடரை லேசாத் தடவி விடுங்க, பிடி வழுக்கும். ஈரம் பட்டா மறுபடி தடவணும். கட்டிலைச் சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க. விரிப்போ கொசுவலையோ தரையைத் தொடக்கூடாது, தொட்டா அது வழியா ஏறிடும். வாரம் ஒருதடவை கிண்ணத்தைப் பாத்து எண்ணி எழுதி வெச்சுக்கோங்க. அப்புறம் அந்தக் கட்டிலை விட்டுட்டு ஹால்ல போய்ப் படுக்காதீங்க. நீங்க எங்க படுக்கறீங்களோ அங்க அது தேடி வரும், இன்னொரு ரூமும் கெட்டுடும்.

திருவல்லிக்கேணி78 | 16 ஜூன், இரவு 9:10

படியில் நின்ற அந்தப் பத்து நிமிடம் எனக்குப் புரிகிறது அம்மா. நீங்கள் மணியை அழுத்தியதால் அந்தப் பேரன் பிழைத்தான்.

புறாக்கூடு | 22 ஜூன், காலை 9:00

கூட்டை எடுத்து, கழுவி, வலை அடித்து எட்டு நாள். கடி நின்றுவிட்டது. சார், நன்றி. மூட்டைக்கு மருந்தடிக்க 4,000 ரூபாய் முன்பணம் கொடுக்க இருந்தேன்.

மூன்றாம்மாடி | 9 ஆகஸ்ட், மாலை 4:20

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஜூன் 19-இல் முதல் மருந்து, ஜூலை 3-இல் இரண்டாவது. முதல் வாரம் நான்கு கிண்ணத்திலும் சேர்த்து 11 பூச்சி. அடுத்த வாரம் 6, எல்லாம் குஞ்சு. ஜூலை 3-க்குப் பிறகு ஒன்று. அதன் பின் ஐந்து வாரமாக எதுவும் இல்லை. கீழ்வீட்டிலும் இல்லை. கிண்ணத்தை எடுக்கவில்லை, தீபாவளி வரை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். மகள் இரவில் முழுதாகத் தூங்குகிறாள். நான்தான் இன்னும் 2 மணிக்கு எழுந்து டார்ச் அடிக்கிறேன்.

பையன் புது ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான். வார்டனிடம் நாங்களே போய், சேர்ந்த அன்றே கட்டிலைக் கழற்றிப் பார்த்தோம். ஊருக்கு வரும்போது பையை வாசலிலேயே வைத்துத் துணியை நேராகச் சுடுதண்ணீருக்குப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மடிப்பாக்கம்_புதுசு | 10 ஆகஸ்ட், இரவு 12:50

இந்த இழை முழுவதும் படித்தேன். இரண்டு வாரமாக என் அம்மாவுக்குக் கழுத்தில் தடிப்பு. இப்போதுதான் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், ஓரத்தில் கருப்பாக நாலைந்து புள்ளி. படம் சேர்த்திருக்கிறேன். இது அதுதானா? யாராவது விழித்திருக்கிறீர்களா?

மூன்றாம்மாடி | 10 ஆகஸ்ட், இரவு 12:58

விழித்திருக்கிறேன். எந்த மருந்தும் அடித்துவிடாதீர்கள். ஒரு பஞ்சை நனைத்து அந்தப் புள்ளியைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் இழுக்கிறதா, உதிர்கிறதா?